பிரிக்காத பை

தெருவே அவளைக் கதைக்காரம்மா என்றுதான் கூப்பிட்டது. வயது அறுபத்து நான்கு. ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் முப்பத்தோரு வருஷம் கோப்பு அடுக்கி ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தபோதே மாத நாவல் எழுதத் தொடங்கியவள், புருஷன் போன பிறகும் இரண்டு அறை வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதினாள். அவள் கதையில் கதாநாயகிக்கு ஐம்பத்தைந்துக்குக் குறைந்த வயது இருந்ததே இல்லை. மூட்டு வலிக்கும், கண்ணாடி தொலையும், அதற்கு நடுவில் பழைய சிநேகிதன் ஒருவன் கடிதம் போடுவான், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

"கிழவிக்குக் காதலா?" என்று பத்திரிகை ஆசிரியர் ஆரம்பத்தில் சிரித்தார். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அறுபதானால் மனுஷிக்கு ஆசையெல்லாம் அவிந்துவிடும் என்று நம்புகிற வயது அதுதான். வாசகிகளின் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கதைகளுக்கெல்லாம் முதல் வாசகி அவளுடைய அக்கா. வயது அறுபத்தொன்பது. நாலு தெரு தள்ளி மகன் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் வைத்த அறையில் அவளுக்கு ஒரு மடக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். மெஷின் சுற்றும்போது கட்டிலும் சேர்ந்து ஆடும். ஐந்து பேர் துணி என்பதால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆடியது. மகன் கெட்டவன் இல்லை. திட்டியதில்லை, கை ஓங்கியதில்லை. அம்மா என்று ஒருத்தி அந்த அறையில் இருப்பது அவனுக்கு மறந்துபோகும், அவ்வளவுதான்.

எழுதி முடித்த தாள்களை ஒரு வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பாள். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து, பென்சிலால் ஓரத்தில் எழுதித் திருப்பித் தருவாள். நடை, வர்ணனை எதிலும் அவளுக்கு அக்கறை கிடையாது. 'குடையோடு வந்தாள், குடை எங்கே?' 'அடுப்பில் பால் வைத்தாளே, யார் இறக்கியது?' 'போன பக்கத்தில் இடது கால் வலி, இங்கே வலது கால்.' இப்படித்தான் இருக்கும் எல்லாம்.

"உன் ஆளுங்க சாமானைப் போட்டது போட்டபடி விட்டுட்டுப் போயிடறாங்கடி" என்பாள். "எடுத்து வைக்க யாராவது வேணாமா?"

நேரில் இரண்டு பேரும் மனசு விட்டுப் பேசியதே இல்லை. அக்காவின் புருஷன் குடித்துவிட்டு அடித்த காலத்தில் தங்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு சிறுகதை எழுதிக்கொண்டுபோய்க் காட்டினாள். அக்கா ஓரத்தில், 'அடி முதுகில் விழும். முகத்தில் விழாது, வெளியே தெரிந்துவிடுமே' என்று எழுதிக் கொடுத்தாள். அவர்களுக்குள் பேச்சு வார்த்தை அப்படித்தான் நடந்தது.

அதனால்தான், என் வீட்டுக்கு வந்துவிடு அக்கா என்று சொல்ல நினைத்தபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் மகனைக் குறை சொன்னதாகிவிடும், அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாவல் எழுதினாள். அறுபத்தெட்டு வயதுக்காரி ஒருத்தி. மகன் வீட்டில் பின்கட்டு அறை. மூன்றாவது அத்தியாயத்தில் அவள் ஒரு பை கட்டுகிறாள்: நாலு புடவை, ஒரு ஸ்வெட்டர், பத்து நாள் மாத்திரை, பழைய கண்ணாடி. பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் காத்திருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் அதைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே ஜன்னல் ஓரம் இன்னொரு கட்டில் தயாராக இருக்கிறது. கதைக்காரம்மா நிஜமாகவே ஒரு கட்டில் வாங்கி ஜன்னல் ஓரம் போட்டிருந்தாள்.

தாள்கள் திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் எழுதலையே அக்கா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. புத்தகமா வரட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

அக்கா எதைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள் என்று தங்கைக்குப் புரியத்தான் செய்தது. புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

பத்து நாள் கழித்து ஆசிரியர் போன் செய்தார். "முடிவு சரியில்லம்மா. பெத்த பிள்ளைய விட்டுட்டு இந்த வயசுல வீட்டை விட்டுக் கிளம்பறதா? நம்ம வாசகிங்க ஏத்துக்க மாட்டாங்க. மகன் வந்து கண் கலங்கிக் கூப்பிடட்டும், அவங்க திரும்பிப் போகட்டும். நாலு பக்கம்தான். அச்சுக்கு நாளைக்குக் காலையில போகுது."

சண்டை போட்டிருக்கலாம். இதைவிடப் பெரிய விஷயத்துக்கெல்லாம் போட்டிருக்கிறாள். அன்றைக்கு மென்று விழுங்கினாள். காரணம் ஆசிரியர் மட்டும் இல்லை. பதினொரு வருஷம் தனியாக இருந்து பழகிவிட்டவள். அவள் மேஜை, அவள் விளக்கு, இஷ்டப்பட்ட நேரத்தில் சாப்பாடு. ஜன்னல் ஓரத்துக் கட்டிலைப் பார்க்கும்போது கொஞ்ச நாளாகவே நெஞ்சில் ஒரு பாரம். போனை வைத்தபோது அந்தப் பாரம் இறங்கியது. அதை நினைத்து அவள் பிற்பாடு தன்னையே காறித் துப்பாத நாளில்லை. மதியம் உட்கார்ந்து நாலு பக்கத்தையும் எழுதி முடித்தாள். மகன் தங்கை வீட்டு வாசலில் நின்று அழுதான், கதாநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனோடு போனாள். கதை, வெறும் கதைதானே என்று சொல்லிக்கொண்டாள். அக்காவிடம் காட்ட நேரமில்லை என்றும் சொல்லிக்கொண்டாள். நாலு தெருதான் தூரம்.

புத்தகம் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த வியாழக்கிழமை, "படிச்சேன்" என்றாள் அக்கா. மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த கதைக்கு வழக்கம்போல ஓரத்தில் எழுதித் தந்தாள். அதற்கடுத்த கதைக்கும் தந்தாள்.

நாலாவது மாதம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் விழுந்தவளை, மத்தியானம் துணி போட வந்த மருமகள்தான் பார்த்தாள். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது: "வேண்டாம்." தண்ணீர் கொடுத்தாலும் வேண்டாம், பெயரைக் கேட்டாலும் வேண்டாம்.

"அவங்களா நினைச்சுச் சொல்லலைம்மா" என்றார் டாக்டர். "வாயில தங்கிப்போன வார்த்தை. அதுக்கு அர்த்தம் எடுத்துக்காதீங்க."

மாற்றுப் புடவை எடுக்கக் கதைக்காரம்மா அந்த வாஷிங் மெஷின் அறைக்குப் போனாள். அலமாரியில் ஒன்றும் சரியாக இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்தால் ஒரு பை. நாலு புடவை, ஒரு ஸ்வெட்டர், பத்து நாள் மாத்திரை, பழைய கண்ணாடி. கதையில் இல்லாத இரண்டு சாமான்களும் இருந்தன: ஒரு பென்சில், முடிவு மாறி அச்சான அந்த மாத நாவல். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஓரத்தில் அக்காவின் உருண்டைக் கையெழுத்து.

'கட்டின பையை எப்போது பிரித்தாள்? நீ எழுதவில்லையே.'

மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மகன் வாசலில் வந்து கையைப் பிசைந்தான்.

"சித்தி, இந்த நிலைமையில இங்க வெச்சுப் பார்த்துக்க முடியுமான்னு யோசிக்கிறோம். உங்க வீட்டுல ஒரு கட்டில் கிடக்குன்னு அம்மா ஒரு தடவை சொன்னாங்க."

"எப்ப சொன்னா?"

"அந்தப் புத்தகம் வர்றதுக்கு முன்னாடி. போகட்டுமான்னு கேட்டாங்க. சரின்னுதான் சொன்னேன். அப்புறம் அவங்களே அதைப் பத்திப் பேசலை."

அக்கா மகனிடம் வாய் விட்டே கேட்டிருக்கிறாள். அவனும் சரி என்றிருக்கிறான். தடுத்தது தங்கையின் நாலு பக்கம்தான்.

மூன்றாம் வாரம் அக்காவைக் கொண்டுவந்து ஜன்னல் ஓரம் படுக்க வைத்தார்கள். எல்லோரும் போன பிறகு கதைக்காரம்மா பையை எடுத்து, அக்காவின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நாற்காலி மேல் வைத்தாள்.

"இப்பத்தான் பிரிக்கிறேன் அக்கா. பார்த்துக்கோ."

"வேண்டாம்" என்றாள் அக்கா.

புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். ஸ்வெட்டரை மடித்து வைத்தாள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், காலாவதியாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. பென்சிலை அக்காவின் இடது கையில் வைத்து விரல்களை மூடினாள். பென்சில் நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

"வேண்டாம்" என்றாள் அக்கா, அவள் முகத்தைப் பார்த்து.

டாக்டர் சொன்னதை நம்பிக்கொண்டு, கதைக்காரம்மா காலிப் பையை உதறி மடித்து வைத்தாள்.