படிவத்தில் எழுதிய பொய்

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று நான் ஒரு பொய் எழுதினேன்.

மெல்பேர்னின் தென்கிழக்குப் பக்கம், எங்கள் வாடகை வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் அரசாங்க ஆரம்பப் பள்ளி அது. அலுவலகத்தில் தந்த படிவத்தில் பிள்ளையின் பெயர், தடுப்பூசி விபரம் எல்லாம் எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால், தாய் தகப்பன் எதுவரை படித்தார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு பகுதி. வேலைகளை நாலு வகையாகப் பிரித்திருந்தார்கள். ‘ஏ’ என்றால் பெரிய பதவிகள், பட்டம் வேண்டிய தொழில்கள். ‘டி’ என்றால் இயந்திரம் இயக்குபவர்கள், தொழிலாளிகள், துப்புரவு வேலை செய்பவர்கள்.

நான் கோழி இறைச்சியைப் பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊரில் உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்து, யுத்தத்தால் ஒருநாள்கூட அங்கே போகாதவன். ஆனால் படிவத்தில் கணக்காளர் என்று எழுதினேன். படிப்பு என்ற இடத்தில் பட்டதாரி. ‘ஏ’ கட்டத்தில் சரி போட்டேன்.

ஏன் எழுதினேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அகதி முகாமில் நிவாரண அட்டைக்கு எழுதியது முதல், படகில் வந்து இறங்கிய பிறகு விசாவுக்கு எழுதியது வரை, என் கைக்கு வந்த ஒவ்வொரு படிவமும் என்னிடம் என்ன இல்லை என்றே கேட்டது. வீடு இல்லை, ஊர் இல்லை, கடவுச்சீட்டு இல்லை. இது பிள்ளையின் படிவம். இதிலாவது இல்லை என்று எழுதாமல் இருப்போமே என்று தோன்றியது. அவ்வளவுதான். பக்கத்துக் கதிரையில் இருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

இரண்டு வருடம் கழித்து, மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோதுதான் அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்று கண்டுபிடித்தேன். வீட்டுக்குக் கொண்டுவரும் சிறிய புத்தகங்களை மளமளவென்று வாசித்துக் காட்டுவாள். ஒருநாள் பக்கத்தில் இருந்த படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, “இப்ப வாசியுங்கோ குஞ்சு” என்றேன். அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பிறகு, “அப்பா, ஐ நோ திஸ் வன், கைய எடுங்கோ” என்றாள். குரல் உடைந்திருந்தது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் வாசிக்கும்போது கேட்டுப் பாடமாக்கியதையே இவ்வளவு நாளும் எங்களுக்கு ஒப்புவித்திருக்கிறாள்.

அடுத்த நாள் வகுப்பாசிரியையைப் போய்க் கண்டேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பின்தங்கிய பிள்ளைகளை மூன்று நாலு பேராக இருத்திப் படிப்பிக்க ஒரு ஆசிரியை வருகிறார், ஆனால் வாரத்தில் ஒன்றரை நாள்தான், அதற்குள் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே நேரம் சரியாகிவிடுகிறது என்றார். மகளின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. அவர் அதைச் சொன்ன விதத்தில், அவருக்கே அது வருத்தம் என்று விளங்கியது.

அதே பள்ளித் தவணையில் பெற்றோர் கூட்டம் ஒன்று வைத்தார்கள். பள்ளி அதிபர் ஆங்கிலத்தில் பேச, அங்கே உதவியாளராக வேலை பார்க்கும் ஒரு பெண் எங்கள் மேசையில் இருந்து தமிழில் சொன்னார். அவர் மதுரைப் பக்கத்தைச் சேர்ந்தவர்.

“ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசாங்கம் இவ்வளவுன்னு குடுக்குதுங்க. படிக்க வாய்ப்பு கிடைக்காத பெத்தவங்க, கஷ்டப்பட்டு வேலை செய்யறவங்க, அவங்க பிள்ளைங்க நிறைய இருக்கிற ஸ்கூலுக்கு அதுக்கு மேல சேர்த்துக் குடுப்பாங்க. கன்பராவுல இருக்கிற மத்திய அரசாங்கத்துகிட்ட இருந்து வர்ற பணத்துக்கும் இதான் வழி. யாரு எப்படின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? சேர்க்கிறப்ப நீங்க எழுதிக் குடுத்த ஃபார்ம வச்சுத்தான். நம்ம ஸ்கூல்ல நிறைய பேர் அந்தப் பக்கத்தை வெறுமனே விட்டிருக்காங்களாம். சில பேர் பழைய வேலையை எழுதியிருக்காங்களாம். அதை ஒரு தடவை சரி பாருங்கன்னு கேக்குறாங்க.”

அவர் யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. ஆனாலும் என் காது சூடாகிவிட்டது. பழைய வேலை என்றாலும் பரவாயில்லை, நான் எழுதியது எந்தக் காலத்திலும் பார்க்காத வேலை.

வீட்டுக்கு வந்து குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற மனைவியிடம் சொன்னேன்.

“அந்தப் பள்ளிக்கூடப் படிவத்தில நான் பொய் எழுதிப்போட்டன்.”

“ஓம், எனக்குத் தெரியும். நீங்கள் எழுதேக்கை பாத்தனான்.”

“பின்ன ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

“உங்கட முகத்தில ஒரு சந்தோசம் தெரிஞ்சது. குழப்ப மனம் வரேல்லை.” கொஞ்சம் பொறுத்து, “இப்ப மாத்தினால் விசாக்காரருக்குத் தெரியவருமோ?” என்று கேட்டாள்.

அந்தப் பயம்தான் எனக்கும். எங்களுடையது தற்காலிக விசா. அரசாங்கத் தாளில் பொய் எழுதியவன் என்று ஒரு பதிவு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்து, இரண்டு நாள் பள்ளி வாசல்வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் வேலை முடிந்த உடுப்போடேயே அலுவலகத்துக்குள் போய், அந்த உதவியாளரைக் கேட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. “அண்ணா, பயப்படாதீங்க. இது உங்க விசாவுக்கான பேப்பர் இல்ல, அதோட இதுக்கு சம்பந்தம் கிடையாது. எதுக்கும் நான் பிரின்சிபல்கிட்ட கேட்டுட்டு வர்றேன்” என்று உள்ளே போனார். அதிபரே வெளியே வந்தார். திருத்துவதற்காக யாரும் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டார்கள், பணத்தைக் கணக்கிடுகிறவர்களுக்கு உங்கள் பெயரும் போகாது என்றார். பிறகு, தன் தகப்பனும் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில்தான் வேலை செய்தார் என்று சொல்லிவிட்டுப் பேனையைத் தந்தார்.

உயர்தரம் என்று எழுதினேன். கோழி பொதிசெய்பவர் என்று எழுதினேன். ‘டி’.

என் ஒரு படிவத்தால் எதுவும் மாறிவிட்டதாக நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அதே பக்கத்தை மீண்டும் நிரப்பின. உதவியாளர் பின்னேரங்களில் வீடு வீடாகத் தொலைபேசி எடுத்தார். பணமும் உடனே வரவில்லை. ஒரு முழு வருடம் மகள் படங்களை வைத்தே சமாளித்தாள். அந்த வருடத்தை நினைத்தால் இப்போதும் வலிக்கும்.

அதற்குள் பள்ளிச் செலவுகளைப் பேசி முடிவெடுக்கும் பள்ளிச் சபையில் பெற்றோர் சார்பில் என்னைச் சேரச் சொல்லிக் கேட்டார்கள். கூடுதல் பணம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அங்கே அதைப்பற்றிய பேச்சு நீண்டது. ஒரு தகப்பன் எல்லா வகுப்புக்கும் புதிய தொடுதிரை வேண்டும் என்றார். அதில் நியாயம் இருந்தது, பழையவை அடிக்கடி நின்றுபோகும். அதிபர் ஒரு முழுநேர வாசிப்பு ஆசிரியையையும், வாரத்தில் ஒரு நாள் வரும் பேச்சுப் பயிற்சியாளரையும் கேட்டார். அதுவரை அந்தச் சபையில் ஆமோதித்துத் தலையாட்டியதைத் தவிர நான் எதுவும் செய்ததில்லை. அன்று என் உடைந்த ஆங்கிலத்தில், என் மகள் படத்தைப் பார்த்துத்தான் வாசிக்கிறாள், திரை பெரிதானால் படமும் பெரிதாகும், அவ்வளவுதான் என்றேன். தொடுதிரை கேட்ட தகப்பன்தான் முதலில் சிரித்தார். தன் மகனும் அப்படித்தான் என்றார்.

சபை ஒப்புக்கொள்ள, அதிபர் கேட்ட முழுநேர ஆசிரியை வந்தார். ஒரு சிறிய அறையில் நாலு பிள்ளைகள், ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம். எழுத்து எழுத்தாக, ஒலி ஒலியாக, முதலாம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கினார். மகளுக்கு முதலில் அது அவமானமாக இருந்தது. “தட்ஸ் பேபி ஸ்டஃப்” என்று அழுதாள். பிறகு அழுகை நின்றது.

அடுத்த தவணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போயிருந்தோம். கார் நிறுத்துமிடத்தில் யாரோ ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்த அறிவித்தலுக்கு முன்னால் மகள் நின்றுவிட்டாள். அதில் படமே இல்லை. விரலால் தொட்டுத் தொட்டு, உதடு அசைய, அன்னதானம் எத்தனை மணிக்கு முடியும் என்பதை முழுதாக வாசித்து முடித்தாள். “அம்மா, கெதியா வாங்கோ, சாப்பாடு முடியப்போகுது” என்றாள். மனைவி அங்கேயே நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

முகாமில் வரிசையில் நின்று வாங்கியதை நாங்கள் நிவாரணம் என்றோம். வாங்கும்போது தலை தானாகவே குனியும். பள்ளிக்கு வந்த பணத்தையும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் பள்ளி வாசலோடு திரும்பியதற்கு விசாப் பயத்தோடு அந்தக் கூச்சமும் காரணம் போலிருக்கிறது. இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. நான் தொழிற்சாலையில் உழைத்துக் கட்டும் வரியும் கன்பராவுக்குத்தான் போகிறது. அது சுற்றி வந்து, அந்தச் சிறிய அறையில் நாலு கதிரைகளாக நிற்கிறது.

மகள் இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். பெரிய சொற்களில் தடக்குவாள். போன கிழமை சபைக் கூட்டத்தில் நான் கையை உயர்த்தி, வருகிற வருடமும் அந்த ஆசிரியை இருப்பாரா என்று கேட்டேன். அதிபர், அதற்குத்தான் முதலில் ஒதுக்கியிருக்கிறோம் என்றார். குறிப்பெடுப்பவரிடம் அதை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.