பூட்டச் சொன்னது நீதானே

எங்கள் வீட்டில் பூட்டு இல்லாதது அம்மாவின் வாய்க்கு மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் அப்பா பூட்டுப் போட்டிருந்தார். அலுமாரிக்கு இரண்டு, குசினிக் கதவுக்கு ஒன்று, சீனி டின்னுக்கு ஒன்று. சீனி பங்கீட்டில் வந்த காலம் என்பதால் அந்தக் கடைசிப் பூட்டை மன்னித்துவிடலாம். பழைய பேப்பர் அடுக்கிய பெட்டிக்கும் பூட்டுப் போட்டதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அவர் துறைமுகத்துக் களஞ்சியத்தில் முப்பது வருடம் ஸ்ரோர் கீப்பராக இருந்தவர். வெள்ளைக்காரர் காலத்தில் சேர்ந்து, அவர்கள் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறிய பிறகும் அதே கதிரையில் இருந்து ஓய்வு பெற்றவர். சாவிக்கொத்து இடுப்பு வாரில் தொங்கும். குளிக்கப் போனால் துவாய் முடிச்சுக்குள் போகும். முப்பது வருடத்தில் ஒரு சாவியைத்தானும் தொலைத்ததோ மறந்ததோ இல்லை என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவருக்கு ஒரு கார் இருந்தது. கப்பலேறிய அதிகாரி ஒருவர் விற்றுவிட்டுப் போனது. கரும்பச்சை நிறம், நான்கு கதவு, முன்னால் தடித்த மூக்கு. அப்பா அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். அதன் ஹூட்டில் ஒரு காகம் இருந்தாலும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார், அம்மா அனுப்பிவைத்த காகம் போல.

எழுபதுகளின் தொடக்கத்தில், மூன்று வருடம் காத்திருந்த பிறகு, எனக்கு ஆசிரியை நியமனம் வந்தது. கிளிவெட்டி. ஒன்றாம் திகதி காலை ஏழரைக்குப் பாடசாலையில் கையெழுத்து வைக்க வேண்டும், தவறினால் நியமனம் இரத்து என்று கடிதத்தில் போட்டிருந்தது. என்னோடு படித்த சிநேகிதி ஒருத்திக்கும் அங்கேதான் கிடைத்தது. அவள் மாதா கோயிலடிப் பிள்ளை, எதற்கும் சிரிப்பாள். வயல் செய்கிற ஒரு கமக்காரர் வீட்டில் இருவருக்கும் அறை பேசியாகிவிட்டது. அங்கிருந்து பாடசாலைக்கு மூன்று மைல், காலையில் பஸ் கிடையாது. ஆளுக்கொரு லேடீஸ் சைக்கிள் இருந்ததால் நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அப்பா போகாதே என்று சொல்லவில்லை. நேரே சொல்கிற மனிதரில்லை அவர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சைக்கிளை எப்பிடிக் கொண்டுபோறது?" என்றார்.

"லோஞ்சில ஏத்திவிட்டா மூதூர்ல இறக்கலாம்தானே," என்றார் அம்மா.

"உப்புத்தண்ணி பட்டா ரிம் கறள் பிடிக்கும்."

"லொறியில விடுங்கோவன்."

"நெல்லு மூட்டைக்கு மேல எறிஞ்சு நெளிச்சுப் போடுவான்கள்."

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே குறைவு. "அப்ப எங்கட கார்லயே கொண்டுபோவம். ஹூட்டுக்கு மேல ஒரு கரியர் பூட்டினாச் சரி," என்றேன்.

ஹூட் என்பது எங்கள் பக்கத்தில் காரின் கூரை. சாமான் ஏற்ற அதன்மேல் பொருத்துகிற இரும்புச் சட்டம் கரியர். ஒன்றைப் பொருத்துவதையும் நாங்கள் பூட்டுவது என்றுதான் சொல்வோம். கதவைச் சாவி போட்டு அடைப்பதும் பூட்டுவதுதான். ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டு நாங்கள் காலாகாலமாகச் சமாளித்து வந்திருக்கிறோம். அந்தச் சொல் எனக்கு மட்டும் வினையாக வந்தது.

அப்பா எழும்பிப் போய்க் காரின் ஹூட்டை ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு, "கண்டவன் நிண்டவனெல்லாம் என்ர கார்ல கை வைக்க ஏலாது. நானே செய்வன்," என்றார். நான் மகிழ்ந்து போனேன். ஒன்றாம் திகதிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. ஒரு கரியர் செய்ய இருபது நாள் எதற்கு என்று அசட்டையாக இருந்துவிட்டேன்.

முதல் மூன்று நாள் அளவெடுத்தார். நூலால் ஒருமுறை, நாடாவால் ஒருமுறை, இரண்டும் ஒத்துவராததால் இன்னொருமுறை. பிறகு படம் கீறினார். கீறிய படத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பட்டறை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் இரும்புக் குழாய்களைக் கொண்டுபோய் ஒட்டுவித்தபோது நானாவே திகைத்துப் போனார்.

"இது என்ன ஐயா, சைக்கிள் ஏத்தவோ, இல்லாட்டி ரயில் போகவோ?"

"நான் சொன்னபடி ஒட்டும்," என்றார் அப்பா.

அதன்பிறகு பெயின்ற். கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் நிறம், மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சும் இரண்டு நாள் காய வேண்டுமாம். கச்சான் காற்று அள்ளிவந்த புழுதி இரண்டாம் பூச்சில் ஒட்டியது. அப்பா ஒரு முகச்சுழிப்பும் இல்லாமல் அரத்தாள் எடுத்து முழுவதையும் சுரண்டிவிட்டு முதலில் இருந்து தொடங்கினார். முகச்சுழிப்பு இல்லாததைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலண்டரைக் கொண்டுபோய் அவருடைய பெயின்ற் டின்னுக்குப் பக்கத்தில் கொழுவினேன். அவர் அதில் தூரிகையைத் துடைத்தார்.

கடைசியில் நான்கு நாள் இருக்கும்போது கரியர் ஹூட்டில் ஏறியது. காரில் துளை போட அவர் சம்மதிக்கமாட்டார். ஆகவே ஹூட்டின் இரு ஓரத்திலும் மழைத்தண்ணீர் ஓடுகிற பீலியில் கால்களை நிறுத்தி, கொக்கி போட்டு இறுக்க வேண்டும். மேலே அவர் போல்ட்டைத் திருக, கீழே நான் ஸ்பானரால் நட்டைப் பிடிக்க வேண்டும். எட்டு நட்டு.

"இறுக்கிப் பிடி."

"பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன்."

"கதைக்காமப் பிடி."

எட்டையும் இறுக்கி முடித்த பிறகு, பீலியில் பெயின்ற் கீறாமல் இருக்க அடியில் ரியூப் றபர் வைக்க வேண்டும் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. எட்டையும் கழற்றினோம். றபர் வைத்துப் பூட்டியபின் வாஷர் தடிப்புப் போதாது என்றார். மூன்றாம் தரம் பூட்டி முடித்தபோது அந்த எட்டு நட்டுகளையும் எனக்கு முகம் பார்த்தே தெரியும்.

ஒன்பதாவதாக ஒரு நட்டு இருந்தது. களஞ்சியத்தில் நேவிக்காரர் சுடுகிற துவக்குகளை நிரையாக நிறுத்தி, எல்லாவற்றுக்கும் ஊடாக ஒரு கம்பியை விட்டு அடைத்து வைப்பார்களாம். அப்பா அதே மாதிரி ஒரு நீளக் கம்பி செய்திருந்தார். கரியரின் ஒரு பக்கத்தால் நுழைந்து, இரண்டு சைக்கிளின் சட்டங்களுக்கும் ஊடாகப் போய், மறுபக்கத்தால் வெளியே வரும். அந்த நுனிக்கு ஒரு நட்டு. இந்த நுனியில் சும்மா ஒரு துளை. துளை எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் மூன்று பூச்சு அடிப்பார் என்று பயம்.

முப்பதாம் திகதி, மாதத்தின் கடைசி நாள், காலையில் சைக்கிள்களை ஏற்றினார். நான் உள்ளே தகரப் பெட்டியோடும் அம்மாவின் கண்ணீரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தேன்.

"அப்பா, சைக்கிளை வடிவாப் பூட்டுங்கோ!"

"ஓம், ஓம்," என்றார். அவர் வாயில் இருந்து அவ்வளவு பணிவான ஓம் அதற்கு முன்னர் வந்ததே இல்லை.

சிநேகிதியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். சீனன்குடா தாண்டும்போது கச்சான் பிடித்துக்கொண்டது. ஹூட்டின் மேல் நான்கு சில்லும் தாமாகச் சுற்றின. பள்ளத்தில் விழும்போதெல்லாம் மேலே மணி அடித்தது. அப்பா அதை யாரோ பின்னால் வருகிறார்கள் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் ஓரம் கட்டினார். சிநேகிதி சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கிண்ணியாவில் பாதைக்குக் காத்திருந்தோம். வாகனங்களை ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டைப் படகுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். பாதைக்காரர் காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஐயா, கார் பழுதாப் போனா சைக்கிள் காரைக் கொண்டுபோகுமோ?"

"பகிடி விடாம ஏத்தும் தம்பி," என்றார் அப்பா.

கிளிவெட்டிக்குப் போய்ச் சேரப் பின்னேரம் மூன்று மணி. கமக்காரர் கையில் தேத்தண்ணி கொடுத்தார். நான் சைக்கிளை இறக்குவோம் என்றேன். அப்பா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

"சாவி வீட்டில," என்றார்.

"என்ன சாவி?"

"பூட்டின சாவி."

அப்போதுதான் பார்த்தேன். கம்பியின் துளையில் ஒரு பித்தளை ஆமைப்பூட்டு, தேங்காய்ப் பாதி அளவில், பளபளத்துக்கொண்டு தொங்கியது.

"ஆர் உங்களைப் பூட்டச் சொன்னது?"

"பூட்டச் சொன்னது நீதானே."

சொன்னது உண்மை. ஊர் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

"சரி பிள்ளை, ஏறு. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வருவம்," என்றார், மிகவும் சாதாரணமாக.

"இப்ப போனா பாதை நிண்டிடும் அப்பா. நாளைக்குக் காலமை ஏழரைக்கு எப்பிடி வாறது?"

"நாளண்டைக்கு வரலாம். சைக்கிள் இல்லாம மூண்டு மைல் நடக்க நான் விடமாட்டன்."

முப்பது வருடத்தில் ஒரு சாவியை மறக்காத மனிதர். எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. மூன்று அளவெடுப்பும், மூன்று பூச்சும், மூன்று தரம் கழற்றிப் பூட்டியதும். கோபத்தில் காது சுட்டது. சிநேகிதி சிரிப்பை நிறுத்திவிட்டாள், அவளுடைய நியமனமும் அந்தப் பூட்டில்தான் தொங்கியது. கமக்காரர் கோடரி கொண்டு வரட்டோ என்று கேட்டார்.

"நேவிப் பூட்டு. கோடரிதான் உடையும்," என்றார் அப்பா. அந்த நேரத்திலும் அவருக்குப் பெருமை.

நான் பூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காரைச் சுற்றி மறுபக்கம் போனேன். ஒன்பதாவது நட்டு அங்கே இருந்தது. டிக்கியில் இருந்து அரை அங்குல ஸ்பானரை எடுத்தேன். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கதவைத் திறந்து படியில் ஏறி நின்று, நட்டைத் திருகினேன். முதல் சுற்று மறுத்தது, இரண்டாவது சுற்றில் இளகிவிட்டது. "இப்ப அந்தப் பக்கத்தால இழு!" என்று சிநேகிதிக்குச் சொன்னேன். அவள் பூட்டோடு சேர்த்துக் கம்பியை இழுக்க, கம்பி முழுவதும் உருவிக்கொண்டு அவள் கைக்குப் போனது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. சைக்கிள் இரண்டும் விடுதலை.

இவ்வளவு நேரமும் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "வாஷர் கவனம், விழுத்திப் போடாதை."

கமக்காரரும் நாங்களுமாகச் சைக்கிள்களை இறக்கி வைத்தோம். நான் கம்பியைக் கொண்டுபோய் அப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் ஸ்ரோர் கீப்பர். ஒரு பொருளைக் கண்டபடி உள்ளே வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கம்பி வேறாக, பூட்டு வேறாக வைக்க வேண்டும். அவருடைய கை தன்பாட்டில் சேட் பொக்கற்றுக்குள் போனது, ஒரு சாவியை எடுத்தது, ஆமைப்பூட்டைத் திறந்தது. திறந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

கமக்காரர் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். சிநேகிதி மாட்டைப் பார்க்கப் போன கமக்காரரைப் பார்த்தாள். அப்பாவைத் திட்டுவதற்கு என்னிடம் இருபது நாளாகச் சேர்த்துவைத்த சொற்கள் இருந்தன. திறந்த பூட்டோடு அவர் நின்ற நிலையைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு பாசமாக இருந்தது அந்த மனிதர் மேல்.

"பொக்கற்றில கிடந்திருக்கு," என்றார்.

"ஓம் அப்பா, கிடந்திருக்கு," என்றேன்.

அவர் உள்ளே போய் எங்கள் அறைக் கதவை ஆட்டிப் பார்த்தார். கொக்கி ஒன்றுதான் இருந்தது. திரும்பி வந்து ஆமைப்பூட்டை என் கையில் வைத்தார். பிறகு வாரில் இருந்த சாவிக்கொத்தைக் கழற்றி, அதில் இருந்து இன்னொரு சாவியை எடுத்து அதையும் வைத்தார். "ரெண்டு சாவி இருக்கு இதுக்கு. ரெண்டும் உன்னட்டயே இருக்கட்டும்," என்றார். எங்கள் வீட்டில் ஒரு பூட்டின் இரண்டு சாவியும் அவரை விட்டு வெளியே போனது அன்றுதான்.

அடுத்த நாள் காலை ஏழேகாலுக்கே நானும் அவளும் பாடசாலை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டோம். கையெழுத்து வைத்தேன். விரலில் இன்னும் கிறீஸ் இருந்தது, பதிவுப் புத்தகத்தில் கொஞ்சம் பட்டுவிட்டது.

மார்கழி விடுமுறைக்கு லோஞ்சில் வந்து இறங்கினேன். சைக்கிள் கிளிவெட்டியில்தான் நின்றது. வீட்டில் கார் நின்றது, அதன் ஹூட்டில் இன்னும் கரியர். மழையில் நனைந்த மாவிலைகள் குழாய்களுக்கு நடுவே ஒட்டிக் கிடந்தன. ஏற்ற ஒன்றுமில்லாத கரியர்.

"ஏன் அப்பா இதை இன்னும் கழட்டேல்ல?"

"தனிய ஏலாது. கீழ நட்டுப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

"அங்க நான் தனியத்தானே கழட்டினனான்?"

"அது நீ," என்றார்.

நான் டிக்கியைத் திறந்து ஸ்பானரை எடுத்தேன். "சரி, நான் வந்திட்டன்தானே. வாங்கோ, கழட்டுவம்."

அப்பா கரியரைப் பார்த்தார், ஸ்பானரைப் பார்த்தார். பிறகு துணியை எடுத்து மாவிலைகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக் குழாய்களைத் துடைக்கத் தொடங்கினார்.

"நீதான் வந்து நிக்கிறியே," என்றார். "இப்ப என்ன அவசரம்?"