வாயை மூடிக்கொண்டு வாழைக்காய் விற்ற பத்து நாள்

வாழைக்காய் மண்டி வைத்திருப்பவனுக்கு மூலதனம் இரண்டே: கத்துவதற்கு ஒரு வாய், துண்டுக்கடியில் பேரம் பேச ஒரு கை. படிப்பு, பணம், பரம்பரை ஒன்றும் வேண்டாம். எனக்கு மூன்றும் இருந்ததில்லை. தார் சுமக்கிற ஆளாகத் திருச்சி மார்க்கெட்டுக்குள் நுழைந்து, உதை வாங்கி, உதை கொடுத்து, சொந்தத்தில் மண்டி போட்டவன் நான். கடை வைத்துச் சூடு கண்ட சகோதரர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். ஒரு வருஷம் தை மாதம், முனிசிபாலிட்டியிலிருந்து வந்து என் மூலதனம் இரண்டையும் முடக்கிவிட்டார்கள்.

காரணம் விஷஜுரம். முதல் யுத்தம் முடிந்த சமயத்தில் வந்து தெருத்தெருவாக அழவைத்துவிட்டுப் போன அதே ஜுரம், சில வருஷம் கழித்துத் தன் தம்பியை அனுப்பியிருந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் என் கடை வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சட்டம் சொன்னார். வாயில் துணி கட்டவேண்டும். ஒருவரை ஒருவர் தொடக்கூடாது. நாலு முழம் தள்ளி நிற்கவேண்டும். கை கழுவிவிட்டு உள்ளே வரவேண்டும். மண்டிக்குள் தும்மக்கூடாது. “பத்து நாள் பார்ப்பேன். ஒருத்தர் தப்பினாலும் மண்டிக்குப் பூட்டுதான்” என்றார்.

கல்யாண மாதம், தொட்டியத்திலிருந்து வண்டி வண்டியாகத் தார் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வாழைக்காய் பூட்டுக்குக் காத்திருக்குமா? ஒரு வாரத்தில் பழுக்கும், மறுவாரம் அழுகும், அதற்கு மறுவாரம் நான் பழையபடி தார் சுமக்கப் போகவேண்டியதுதான். அதனால், பிறந்தது முதல் எவனுக்கும் அடங்காத நான், அன்றைக்கு “சரிங்க” என்றேன்.

வேட்டிப் பேரம்

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வது மரியாதை இல்லை. இருவர் கைமேலும் ஒரு துண்டைப் போட்டு, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசிக்கொள்வோம். விரலுக்கு ஓரணா. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தொடக்கூடாது என்றால் எப்படி? இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஓர் எட்டு முழ வேட்டியைத் தார்களின்மேல் படரவிட்டு, ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை வாங்குகிறவர் கையில் கொடுத்தேன். ஓர் இழுப்புக்கு ஓரணா ஏற்றம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

முதலில் வந்தவர் பாலக்கரைப் பழக்கடைக்காரர். மகா கஞ்சர். ஓரணா ஏற்ற ஒரு நாழிகை யோசிப்பார். அன்றைக்கு என்னடாவென்றால், அந்தப் பக்கத்திலிருந்து வேட்டி வெடுக் வெடுக்கென்று எட்டுத் தடவை இழுபடுகிறது! எனக்கு வந்த சந்தோஷத்தில் “முடிஞ்சுது! தூக்குங்கடா தாரை!” என்று துணிக்குள்ளிருந்தே கத்திவிட்டேன். அவர் வேட்டியைக் கீழே போட்டுவிட்டு முழங்காலைச் சொறிந்தபடி அலறினார்: “அண்ணே, நான் விலை ஏத்தலே, கொசுவை அடிச்சேன்!”

சுண்ணாம்பு வட்டம்

நாலு முழம் என்றால் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு முழம். அதனால் வாசலில் சுண்ணாம்பால் வரிசையாக வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஓர் ஆள் என்று நிறுத்தினேன். வையம்பட்டியிலிருந்து வரும் வியாபாரி அம்மாள் ஒருத்தி, கூடையும் கையுமாக வட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே காலே வைக்கமாட்டேன் என்றாள். நான் கையை ஆட்டி, காலை உதைத்து, கண்ணை உருட்டி, வாயைக் கட்டியிருந்ததால் “ம்ம்! ம்ம்!” என்று உறுமி, உள்ளே போகச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நீ ஆடற ஆட்டத்துக்கு நீதான்யா வட்டத்துக்குள்ளே உக்காரணும், வேப்பிலை நான் கொண்டாரேன்!”

காதுக்குத் தடை இல்லை

இன்ஸ்பெக்டரின் சட்டங்களை யாரும் சொல்லாமலே கடைப்பிடித்தவர் ஒரே ஒருவர், ஸ்ரீரங்கத்தில் கல்யாணச் சமையலுக்கு, அவர் பாஷையில் தளிகைக்கு, போகிற ஐயங்கார் ஸ்வாமி. எப்போதுமே யாரையும் தொடமாட்டார். சொந்தச் சொம்பிலிருந்துதான் தண்ணீர், அதுவும் அண்ணாந்து. நான் வாசலில் வைத்திருந்த சோப்பைப் பார்த்து, “அதிலே என்ன கொழுப்பு சேர்த்திருக்கானோ, பெருமாளே!” என்று ஒதுங்கி, மடியிலிருந்து சீயக்காய்ப் பொடியை எடுத்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். இப்படி ஓர் ஆள் போதும், மண்டி பிழைத்தது என்று நினைத்தேன்.

பேரம் ஆரம்பமானதும் வந்தது வினை. பல பேர் தொட்ட வேட்டியை அவர் தொடமாட்டார். விலையை உரக்கச் சொல்லவும் கூச்சம். நாலு முழம் தள்ளி நின்றவர் மூன்று முழமானார், இரண்டானார், கடைசியில் துணியை மோவாய்க்குக் கீழே இறக்கிவிட்டு என் காதோடு காதாக வந்து “ரெண்டணா குறைச்சுக்கொள்ளும்” என்கிறார்! நான் துள்ளிக் குதித்துப் பின்வாங்கினேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். “ஏன் ஓய் பதறுகிறீர்? ஜுரம் மூக்கு வழியாத்தானே வரும், அடியேன் உம்ம காதிலேன்னா பேசறேன்!”

ராவுத்தரின் தும்மல்

ஏழாம் நாள். பெரியகடை வீதி ராவுத்தர் தார் பார்க்க வந்தார். நல்ல மனிதர், நாணயஸ்தர். ஒரே ஒரு பழக்கம், மூக்குப்பொடி. நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் துணியைத் தூக்கி ஒரு சிட்டிகை ஏற்றிவிட்டார். அதே நேரம் வாசலில் சைக்கிள் மணி! இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, ஒரு தும்மலில் எத்தனை பேருக்கு ஜுரம் பரவும் என்று நிதானமாக உபதேசம் ஆரம்பித்தார். ராவுத்தர் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். முகம் செவ்வாழை நிறத்துக்கு வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. “பாருங்க, இவர் எவ்வளவு உருகிக் கேக்கறார்!” என்று இன்ஸ்பெக்டர் இன்னும் நீட்டினார். எனக்கோ மண்டியின் கதவும் பூட்டும் கண்முன்னே வந்து போயின.

கடைசியில் ராவுத்தர் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார் பாருங்கள்! வாசல் தாண்டி, வட்டமெல்லாம் தாண்டி, நடுத்தெருவுக்குப் போய், வேட்டுப் போட்டாற்போல் ஒரு தும்மல். மார்க்கெட் புறா அத்தனையும் பறந்தது. திரும்பி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேங்க ஐயா, மண்டிக்குள்ளே தும்மலே, முனிசிபாலிட்டி ரோட்டிலேதான் தும்மினேன்!”

பத்தாம் நாள்

ஒன்பது நாளும் நான் கோபப்படாத நாள் இல்லை. ஆனால் கோபம் முழுக்கத் துணிக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தது. பத்தாம் நாள் சாயங்காலம் தாண்டினால் தப்பித்தேன். அப்போதுதான் உறையூரிலிருந்து ஒருவர் வந்தார், மகளுக்குக் கல்யாணமாம். கை கழுவினார். வட்டத்துக்குள் நின்றார். வாயில் துணி, கண்ணில் பணிவு. குறை சொல்ல ஒன்றுமில்லை. என் முதல்தரத் தார்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சாந்தமாகக் கேட்டார்: “இது ஆட்டுக்குப் போடற காய்தானுங்களே, பாதி விலைக்குத் தருவீங்களா?”

அவ்வளவுதான். துணியைப் பிய்த்து எறிந்தேன். வட்டத்துக்குள் பாய்ந்தேன். அவர் மூக்குக்கும் என் மூக்குக்கும் நடுவே வாழைநார் நுழைய இடமில்லை. பத்து நாள் பாக்கியை வட்டியோடு கத்தித் தீர்த்தபிறகு திரும்பிப் பார்த்தால், பின்னால் இன்ஸ்பெக்டர், கையில் பூட்டோடு. மண்டி ஆட்கள் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டு கல்லாய் நின்றார்கள். எனக்குக் கை கால் உதறியது, “பூட்டு... தார்... ஆடு...” என்று உளறினேன். உறையூர்க்காரர்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார்: “மண்டியிலே எல்லாரும் ஒழுங்காத்தான் இருக்காங்க சார், இவருக்குத்தான் ஜுரம் தலைக்கேறிடுச்சு, கண்ணு செவந்திருக்கு, உடம்பு நடுங்குது, பெனாத்தறார், பாவம்!”

இன்ஸ்பெக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மண்டி நடக்கட்டும், நான் மட்டும் ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். கணக்குப்பிள்ளை சாமிநாதன்தான் வியாபாரம் பார்த்தான். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத பிராணி. நாலாம் நாள் வந்து என் வீட்டு ஜன்னலுக்கு நாலு முழம் தள்ளி நின்றுகொண்டு, ஒரு தார் மிச்சமில்லாமல் நல்ல விலைக்குப் போய்விட்டது என்றான். எனக்குச் சந்தோஷப்படுவதா சண்டை போடுவதா என்று தெரியவில்லை. அவனே மெதுவாகச் சொன்னான்: “வாடிக்கைக்காரங்க எல்லாரும் உங்க உடம்பை விசாரிச்சாங்க முதலாளி, நல்லாத் தேறினப்புறம் வந்தாப் போதும், அவசரமே இல்லேன்னு சொல்லச் சொன்னாங்க.”

விஷஜுரம் பரவாமல் தடுக்க இன்ஸ்பெக்டரிடம் ஆயிரம் வழி இருக்கலாம், ஆனால் ஒரு மண்டி நன்றாக நடக்க, முதலாளியை வீட்டில் உட்காரவைப்பதற்கு மிஞ்சிய சுகாதாரம் வேறு இல்லை என்பதை நான் நம்பவேண்டியதாயிற்று.