பொன்னுலிங்கம் உட்கார்ந்த நாள்

பொன்னுலிங்கம் அண்ணன் உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் இறச்சகுளத்தில் குறைவு. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துதானே பிழைத்தார் என்று கேட்டால், அதை உட்காருவது என்று சொல்ல எனக்கு மனம் வராது. அங்கேயும் இடது கால் தாளம் போடும், விரல் ஹாரன் பக்கம் போய்ப் போய் வரும். கல்யாணப் பந்தியில் முதல் ஆளாக இலை முன்னால் இருப்பார், பாயசம் வருவதற்குள் கை கழுவப் போயிருப்பார். வீட்டில் சோறு நின்றபடிதான். சாவிக்கொத்தை இடது கையில் பிடித்துக்கொண்டே வலது கையால் பிசைந்து தின்கிற மனுஷனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கோட்டாற்றில் ஒரு முதலாளியிடம் அவர் பிளஷர் கார் ஓட்டினார். கறுப்பு ஃபோர்டு. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் சொந்தக் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வெளியூர்ப் பணக்காரர்கள் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கன்னியாகுமரி பார்ப்பார்கள், சுசீந்திரம் பார்ப்பார்கள், கடைசியில் மலைக்குப் போவார்கள். முதலாளிக்கு ஒரே ஒரு கண்டிப்பு. டிரைவர் தன் வீட்டு ஆளை வண்டியில் ஏற்றக் கூடாது. ஏற்றியது தெரிந்தால் அன்றைக்கே சாவியைத் திருப்பி வாங்கிவிடுவார்.

மலை என்றால் கீரிப்பாறைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே பழைய துரை ஒருவன் தன் ஊர் மாதிரியில் ஒரு வீடு கட்டிவிட்டுப் போயிருந்தான். மரத்தைப் பலகையாக அறுக்காமல், உருண்டைத் தடிகளை அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பியிருந்தான். ஜனங்கள் அதைத் தடி பங்களா என்றார்கள். உள்ளே ஸ்பிரிங் மெத்தை, குளிக்கப் பீங்கான் தொட்டி, காலை வைத்தால் புதைகிற கம்பளம், சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்பு. ஜன்னலைத் திறந்தால் கிராம்பு மணம் வரும். துரை போன பிறகு தோட்டக் கம்பெனி அதை விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட்டது.

இதையெல்லாம் பொன்னுலிங்கம் அண்ணன் நின்றுகொண்டே சோறு தின்னும்போது தன் மனைவியிடம் சொல்வார். மனைவி முத்துக்கனி அக்கா. பிள்ளை இல்லை. அண்ணன் காலையில் எழுந்து காரைக் குளிப்பாட்டுவார், துடைப்பார், அதற்குப் பொட்டு வைப்பார். அக்கா வாசல் நடையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு கார் போய்விடும். திரும்பி வரும்போது அக்கா பாதித் தூக்கத்தில் எழுந்து சோறு போடுவாள். அவர்களுடைய தாம்பத்தியத்தில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

"என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போங்க. ஒரு நாளு நாமளும் அங்க இரிப்போம்" என்று அக்கா கேட்பாள்.

"ஒனக்கென்ன கிறுக்கா ஏட்டி? மொதலாளி அறிஞ்சா சாவி போச்சு" என்பார் அண்ணன். சொல்லி முடிக்கும்போது முற்றத்தில் இருப்பார்.

ஓணத்துக்கு ஒரு தடவை கேட்பாள், தீபாவளிக்கு ஒரு தடவை கேட்பாள். ஸ்பிரிங் மெத்தை ஆசை என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.

ஒரு சமயம் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கூட்டம் வருவதாக ஏற்பாடு. அரிசி, தேங்காய், மீன், ஐஸ் எல்லாம் முந்தின நாளே மேலே போய்ச் சேரவேண்டும். வண்டி சாமானோடு மட்டும் போகிறது, பங்களா அன்று முழுக்கக் காலி. பங்களாக் காவல்காரர் இசக்கி, அண்ணனுக்குச் சிநேகிதர். "நீரு பெண்டாட்டியக் கூட்டிட்டு வாரும் வேய், ஆரு காணப்போறா?" என்று அவர்தான் தைரியம் கொடுத்தது. இந்தக் கதையில் பாதியும் இசக்கி சொல்லி எங்களுக்குத் தெரிந்ததுதான். அவர் உப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுச் சொல்லுகிற ஆள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டாள். தலையில் தோவாளைப் பிச்சிப்பூ. ஊர் எல்லை தாண்டி ஆலமரத்தடியில் ஏறிக்கொண்டாள். பூதப்பாண்டி வரை யார் பார்த்துவிடுவார்களோ என்று குனிந்தே போனாள். தடிக்காரன்கோணம் தாண்டி ரோடு வளைந்து ஏற ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்தாள். ஒரு பக்கம் பள்ளத்தில் ஆறு, மறுபக்கம் பாறையில் வழிகிற தண்ணீர். "பையப் போங்க" என்றாள். அண்ணனுக்குப் பையப் போகத் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் எதிரே தோட்டத்து ஜீப் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

ஜீப் வளைவில் வரவில்லை, வாசலுக்கே வந்தது. அவர்கள் பங்களாவுக்குள் கால் வைத்து, அக்கா ஒரு தடிச்சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். தோட்டத்து மானேஜர் சத்தியநேசனும் அவர் மனைவி ராஜபாயும் விருந்தாளிகளுக்கான ஏற்பாட்டைப் பார்க்க வந்து இறங்கினார்கள்.

"டிரைவர், இது யாரு?" என்றார் ராஜபாய் அம்மா.

அக்கா அண்ணன் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"சமையலுக்கு வந்திருக்கேன் அம்மா" என்றாள்.

அண்ணன் சும்மா நின்றார். இல்லை, என் மனைவி என்று சொல்ல ஒரு மூச்சு நேரம்கூட வேண்டாம். எனக்கு இந்த இடத்தில்தான் அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஊரெல்லாம் சுற்றுகிற கால் அன்றைக்குப் பார்த்து அசையாமல் நின்றது.

பங்களாச் சமையல்காரன் காய்ச்சலில் படுத்திருந்தான். ராஜபாய் அம்மா கடவுளுக்கு நன்றி சொல்லி அக்காவை நேரே அடுக்களைக்கு அனுப்பினார். கல்யாணச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா தேங்காய் துருவினாள். மறுநாள் வந்தவர்கள் அவள் வைத்த உள்ளித் தீயலையும் மீன் கறியையும் தின்றுவிட்டு, அடுத்த தடவையும் இந்த அம்மாள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து மலைக்கு வண்டி போனால் அக்காவும் போனாள். முதலாளிக்கு அவள் யாரோ ஒரு சமையல்காரி. முன் சீட்டில் அண்ணனுக்குப் பக்கத்தில் இருப்பாள், பின் சீட்டில் விருந்தாளிகள். இரண்டு பேரும் வழிநெடுக ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பேசவேண்டி வந்தால் அண்ணன், "சமையக்காரம்மா, எறங்குங்க" என்பார். வீட்டில் ஏட்டி, மலையில் வாங்க போங்க. "எனக்கு மரியாத வேணும்னா கீரிப்பாற ஏறணும்" என்று அக்கா எங்கள் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு முழுச் சிரிப்பில்லை. மேலே போனாலும் அவளுக்கு அடுக்களையை ஒட்டிய சாய்ப்பில் படுக்கை, அண்ணனுக்குக் கார் கொட்டகையில். விருந்தாளிகள் ஜோடி ஜோடியாக வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பார்கள். அவர்களுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பாள்.

ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது அண்ணன், "அடுத்த மட்டம் சொல்லிரலாம்" என்பார். அடுத்த மட்டமும் சொல்லமாட்டார். இப்படி வருஷங்கள் போயின.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஒரு ஐப்பசி. அன்றும் சாமானோடு முந்தின நாளே ஏறிவிட்டார்கள். விருந்தாளிகள் மறுநாள்தான். அட்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. சாமான் இறக்கி முடித்த அண்ணனின் காலில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அடுக்களைப் படியில் நின்றபடியே அவர் காலை நீட்ட, அக்கா கீழே உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, உப்பைக் கிள்ளிப் போட்டாள். அட்டை விழுந்தது. அண்ணன் கூச்சத்தில் நெளிந்தார். அக்கா காலை விடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

குடையோடு வந்த ராஜபாய் அம்மா இதைப் பார்த்துவிட்டார். அவர் பெண்கள் ஜெபக் கூட்டத்துக்குத் தலைவி. டிரைவரின் கால் சமையல்காரியின் மடியில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு போகக்கூடியவர் இல்லை. இசக்கியை ஓடவிட்டு மானேஜரை வரவழைத்தார். இரண்டு பேரையும் வராந்தாவில் நிறுத்தினார்கள்.

"உனக்குக் கெட்டினவன் இருக்கானா?" என்று ராஜபாய் அம்மா அக்காவிடம் கேட்டார்.

"இருக்காரு அம்மா."

"நீ இஞ்ச வந்து இப்பிடி இரிக்கது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிட்டுமா சும்மா இருக்கான்?"

"சும்மாதான் நிக்காரு அம்மா" என்றாள் அக்கா. "அண்ணைக்கும் சும்மாதான் நின்னாரு."

அண்ணன் ஓரடி முன்னால் வந்து, "ஐயா, இது எனக்க பெண்டாட்டி" என்றார்.

சத்தியநேசன் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? "அஞ்சாறு வருஷமா சமையல்காரி, பிடிபட்ட பெறவு பெண்டாட்டியா? எங்கள என்ன மண்டன்னு நெனச்சியா? நான் உனக்க மொதலாளிக்கும் சொல்லுவேன், இவளுக்க ஊர்லயும் ஆள விட்டு விசாரிப்பேன்."

ஊரில் விசாரிப்பது என்றால் என்னவென்று அக்காவுக்குத் தெரியும். மானேஜர் ஆள் வந்து, முத்துக்கனி மலையில் ஒரு டிரைவரோடு என்று ஒரு சொல் சொன்னால் போதும். புருஷன்தான் அந்த டிரைவர் என்பதை எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்பார்கள்?

"சத்தியமா பெண்டாட்டி ஐயா" என்றார் அண்ணன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். அதுவரை யாரும் கேட்டிராத குரல்.

"இப்பத்தான் ஒமக்கு வாய் தொறக்குதா? அண்ணைக்கு எங்க போச்சு இந்த வாயி? கெட்டுன சேலயோட நிக்கேன், சமையக்காரின்னு நான் சொல்லுகேன், கல்லு மாதிரி நிக்கீரு! அடுக்களைக்கு மேல ஓடு ஒடஞ்சு ரெண்டு மழ போச்சு, மாத்தினீரா? ஒமக்குத் தலையில எண்ண வச்சு எத்தன நாளாச்சு? நான் எண்ணக் கிண்ணத்தோட நிப்பேன், நீரு ஒமக்க காறுக்குக் கிரீஸு வைப்பீரு. நீரு இரிந்து ஒரு வாய்ச் சோறு தின்னு நான் கண்டதுண்டா? எனக்க அம்ம செத்தண்ணைக்குக் கூட வண்டிய நிறுத்தாமத்தானே வே வந்தீரு! எனக்கு மாப்பிள உண்டுமா இல்லியான்னு எனக்கே சம்சயம். இவுங்க கேக்கதுல என்ன தப்பு?"

இன்னும் நீண்டிருக்கும். ராஜபாய் அம்மா கையைத் தூக்கினார்.

"போதும். இவன் இவளுக்க மாப்பிளதான். வேற ஆம்பிளைய ஒரு பொம்பள இப்பிடிப் பேசமாட்டா."

சத்தியநேசன் தன் மனைவியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். அவருக்கும் அந்தக் குரல் பழக்கம்தான் போலிருக்கிறது. முதலாளிக்குச் சொல்வதையும் விட்டுவிட்டார். ராஜபாய் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஒரு புருஷனையும் பெண்டாட்டியையும் கொட்டகையிலும் சாய்ப்பிலுமாகப் படுக்கவைத்துவிட்டோமே என்று. "ரூம் நாளைக்கு உச்சை வரை காலிதானே. இண்ணைக்கு ரெண்டு பேரும் அங்க இருங்க" என்று அறைச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, புருஷனை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்லமுடியாது. ஓடின. பானட்டைத் திறந்தார், மூடினார். டயரை உதைத்துப் பார்த்தார். கண்ணாடிகளை இறக்கிவிட்டு உள்ளே தூசி தட்டினார். அக்கா அறைப் பக்கமே போகவில்லை. வராந்தாவில் பிரம்பு நாற்காலி இரண்டை இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒன்றில் உட்கார்ந்தாள்.

"வந்து இரியும்" என்றாள்.

வந்தார். நாற்காலி நுனியில் இருந்தார். கால் தாளம் போட்டது.

"உள்ள போய் மெத்தையப் பாக்கலியா? அதுக்குத்தானே இத்தன வருஷம் கேட்ட?"

"மெத்தையா? அத எத்தன மட்டம் நான் விரிச்சிருக்கேன்" என்றாள் அக்கா. "எனக்கு இந்த வீடு ஒண்ணும் காணண்டாம். இஞ்ச வந்தா வண்டி நிக்கும், ரோடு தீந்துபோவும், நீரும் ஒரு எடத்துல இரிப்பீருன்னு நெனச்சேன். அதக் காணத்தான் கேட்டேன்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது என்று இசக்கி சொல்வார். இது உப்பில்லை, நான் நம்புகிறேன். அவர் சாவிக்கொத்தை அக்காவின் மடியில் வைத்துவிட்டு, நாற்காலியில் முழுசாகச் சாய்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் எதிர்மலை மறைந்தது. மழை மேடேறி வந்து கொட்ட ஆரம்பித்தது. முற்றத்தில் காரின் கண்ணாடிகள் இறக்கியபடியே இருந்தன. அண்ணனின் உடம்பு ஒரு தரம் எழுந்திருக்கப் பார்த்தது. அக்கா மடியிலிருந்த சாவியை நீட்டவில்லை. அவர் மறுபடியும் சாய்ந்துகொண்டார். கால் தாளம் நின்றிருந்தது.

மறுநாள் வந்த விருந்தாளி, அருவி பார்க்க வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் துள்ளி எழுந்தார். "என்னப்பா இது, சீட்டெல்லாம் ஈரம்?"

"எனக்க பெண்டாட்டி கூட இரிந்தேன் சார்" என்றார் பொன்னுலிங்கம் அண்ணன். "மழையக் கவனிக்கல்ல."