சாம்பல் கட்டத்தில் ஒரு முகம்

நூர்பானு மவுத்தாகிவிட்டாள் என்ற பேச்சு, மூன்று வாய் மாறி நூர்பானு காதுக்கே வந்து சேர்ந்தது. சொல்ல வந்த பக்கத்துக் கடைப் பாண்டிசெல்வி முதலில் பார்த்தது அவள் பாதங்களைத்தான்.

"கால் தரையிலதான இருக்கு? நல்லாப் பாத்துக்கோட்டி" என்றாள் நூர்பானு, தையல் மெஷினை நிறுத்தாமல்.

"இல்லக்கா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒங்க சொந்தக்காரவிய போன்ல பாத்தாவளாம். நீங்க செத்துட்டதாப் போட்டோவோட போட்டிருக்காம்."

மெஷின் நின்றது.

ராஜபாளையத்தில் நைட்டி தைத்தே வயதானவள் நூர்பானு. புருஷன் இறந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து தன்னோடு இருக்கும்படி அண்ணன் ஜபருல்லா கூப்பிட்டார். "யார் வீட்டு மூலையிலயும் நா உக்கார மாட்டேன்" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் கண்டக்டரிடம் ஒரு தூக்குவாளியில் கறிக்குழம்பு கொடுத்துவிடுவார். இன்றும் வெள்ளிதான். தூக்குவாளி வரவில்லை.

அண்ணன் மகன் யாசின் கனடாவில் இருந்தபடி இணையத்தில் குடும்ப மரம் ஒன்று வளர்த்துவந்தான். சொந்தக்காரர் எவரும் உள்ளே போய்த் திருத்தலாம். அதில் இறந்தவர்களுக்குத்தான் முகம். உயிரோடு இருப்பவர்கள், பாதுகாப்புக்காக, வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். போன மாதம் நூர்பானுதான் கேலியாகச் சொன்னாள்: "செத்தாத்தான் மூஞ்சி தெரியும்னா என்னையச் செத்ததாப் போட்டுருலே. அந்தச் செவப்புச் சேலை போட்டோ நல்லாருக்கும்." அவனும் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டான்.

இப்போது அவனைக் கூப்பிட்டாள். "ஏலே, என்னைய எழுப்பி விடு. ஊரே மவுத்துங்குது."

"நீங்களே மாத்தலாம் அத்தை. ஒங்க பேர்ல உள்ள போற வழிதான் இருக்கே" என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அழுத்தினாள். சிவப்புச் சேலை மறைந்தது. சாம்பல் கட்டம் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றவளின் கண் பக்கத்துக் கட்டத்துக்குப் போனது.

அது அண்ணனுடையது. சற்று நேரம் முன்பு வரை சாம்பலாக இருந்தது. இப்போது அதில் முகம்.

ஜபருல்லா பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். கையில் தூக்குவாளி. கீழே, 'திருத்தியவர்: நூர்பானு.'

"நா அதத் தொடவே இல்லலே!"

மறுமுனையில் யாசின் மெல்லக் கேட்டான். "அத்தை... இந்தப் போட்டோவ யாரு எடுத்தா? எங்க அத்தா இந்தச் சட்டை போட்டு நா பாத்ததே இல்லையே."

அவன் அழைப்பைத் துண்டித்துவிட்டு, பல வருஷங்களுக்குப் பிறகு அண்ணன் நம்பரை அழுத்தினாள். மணி போனது.

"ரிங் போகுதுல்லக்கா, எடுப்பாவ" என்றாள் பாண்டிசெல்வி. குரலில் தெம்பில்லை.

முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள்.

"எடுண்ணே. நா வாரேன். ஒங்க வீட்டு மூலையிலயே உக்காந்துக்கிடுதேன், எடு."

மணி போய்க்கொண்டே இருந்தது.