திட்டுகிறவரை நம்பலாம்

முதல் தடவை லுனிவா போனில் தன் சொந்தக் குரலிலேயே பேசுவாள். அரை மணி கழித்து அதே எண்ணுக்கு மறுபடி அடித்து, மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, மகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பத் துடிக்கும் ஓர் அம்மாவாகப் பேசுவாள். கேள்விகள் இரண்டு தடவையும் ஒன்றுதான். பதில்கள் மாறினால், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் அந்த கன்சல்டன்சியோடு அன்றைக்கே உறவு முடிந்தது. "பொண்ணுகிட்ட அங்க குளிரே இல்லன்னான். அம்மாகிட்ட கம்பளி அவங்களே குடுப்பாங்கன்னான். ஒரே ஆளு, சித்தி."

நான் அவளுடைய சித்தி. நேபாளத்தில், கீர்த்திப்பூரில் அக்காவின் வீட்டு மேல்மாடியில் குடியிருக்கிறேன். ரத்னா பார்க் பக்கம் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை. லுனிவாவுக்குப் பதினெட்டு நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு. அவள் வகுப்பில் யாரிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டாலும் ஒரு நாட்டின் பெயரைத்தான் சொல்வார்கள். பாடம் பிறகு.

சிறுவயதில் படியில் விழுந்து தையல் போட்டதில் அவளுடைய இடது புருவம் கொஞ்சம் மேலேறி நின்றுவிட்டது. எதிரே இருப்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நம்பாதது போன்ற முகம். மோமோ தட்டு வந்தால் ஒன்றைப் பிய்த்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவாள். மைக்ரோ பஸ் பையன் "இதோ கிளம்பிருச்சு, ஏறுங்க" என்று கத்தினால் எட்டி டிரைவர் சீட்டைப் பார்ப்பாள். ஆள் இல்லாமல் ஏறியதில்லை.

டிரைவர் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி அவளுடைய அப்பா கத்தார் போய், செங்கல் சுமந்துவிட்டுத் திரும்பினார். இப்போது ஹேட்டௌடாவில் டிப்பர் ஓட்டுகிறார், சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். பெண் இப்படி ஆனதற்கு அதுதான் காரணம் என்பாள் அக்கா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் சோறு ஊட்டும் சடங்கில், அம்மா ஒரு வாய் தின்று காட்டும்வரை உதட்டைத் திறக்காத குழந்தை அவள்.

ஒரு தடவை, எங்கள் கிளினிக்குக்கு வந்த ஒரு கன்சல்டன்சிக்காரரைப் பற்றி நல்லபடியாகச் சொன்னேன்.

"உங்களுக்கு அவரு என்ன தர்றாரு, சித்தி?"

"ஒண்ணும் தரல. பல்லு புடுங்கிட்டுப் போனாரு."

"உங்ககிட்ட சிரிச்சுப் பேசினாரா?"

"பல்லு புடுங்கின ஆளு எப்படிடி சிரிப்பாரு?"

"அப்ப யோசிக்கலாம்" என்றாள். யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள்.

அவளுக்கு ஒரே தோழி, ஆயுஷ்மா கட்கா. இலையுதிர் காலத்தில் தசைன் பண்டிகை விடுமுறை முடிந்ததும் ஆயுஷ்மாவும் அவள் அப்பாவும், கன்சல்டன்சிகள் நிறைந்த புதலி சடக் தெருவில் ஒன்றுக்குப் போனார்கள். லுனிவாவும் துணைக்குப் போனாள். ஆஸ்திரேலியாவுக்கு எல்லாம் பேசி முடியும் நேரத்தில், டை கட்டியிருந்தவரிடம் இவள் கேட்டாள்:

"ஈஸ்ட் கார்வுட் யுனிவர்சிட்டி எப்படி அண்ணே?"

"நல்ல இடம் சிஸ்டர். போன வருஷம்கூட நம்ம பசங்க நாலு பேர் போனாங்க."

"பஸ்ல எனக்கு முன்னாடி உக்காந்திருந்தவரு ஸ்வெட்டர்ல போட்டிருந்த பேரு அண்ணே அது."

அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "அந்தப் பேர்ல யுனிவர்சிட்டியும் இருக்கு சிஸ்டர்."

அதோடு விட்டிருக்கலாம். ஆயுஷ்மாவுக்காக அங்கேயே எழுதிக் கொடுத்திருந்த விண்ணப்பக் கட்டுரையை வாங்கிப் படித்தாள். நிலநடுக்கத்தில் தந்தையை இழந்த சிறுமி ஒருத்தி அதில் இருந்தாள். லுனிவா தலையை நிமிர்த்தி, பக்கத்து நாற்காலியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஆயுஷ்மாவின் அப்பாவைப் பார்த்தாள். "மாமா, உங்ககிட்ட சொல்லிட்டாங்களா?"

படிக்கட்டில் இறங்கும்போது ஆயுஷ்மா அழுதுவிட்டாள். "எங்கப்பா முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்ட. நான் போறது உனக்குப் பொறுக்கல. அவ்வளவுதான்." அதன்பிறகு வகுப்பில் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு சிட்னிக்குப் போயும்விட்டாள். அங்கிருந்து அவள் போட்ட முதல் படத்தை லுனிவா போனில் பெரிதாக்கி, முகத்தை மட்டும் நெடுநேரம் பார்த்தாள். "சித்தி, கண்ணு வீங்கியிருக்கா? இல்ல வெயிலா?" எனக்குத் தெரியவில்லை. வெயில் என்று சொன்னேன். என் முகத்தையும் அப்படியே பார்த்தாள்.

லுனிவா யார் உதவியும் இல்லாமல் தானே விண்ணப்பித்தாள். அமெரிக்காவின் வடக்கே, பனி கொட்டும் ஓர் ஊரில் சின்னக் கல்லூரி. முழு உதவித்தொகை கொடுத்தால்தான் போக முடியும். ஏன் அந்தக் கல்லூரி என்று கேட்டேன். "எத்தனை பேர வேணாம்னு சொன்னோம்னு அவங்களே போட்டிருக்காங்க. மத்தவங்க சேந்தவங்கள மட்டும்தான் சொல்றாங்க."

கட்டுரைக்கு நிலநடுக்கத்தைத்தான் எழுது என்று பள்ளியிலும் சொன்னார்கள். "நம்ம வீட்டுல ஒண்ணும் ஆகல. ஒரு பூந்தொட்டி விழுந்துச்சு. அதுவும் பூனை தள்ளினதா இருக்கலாம்" என்று மறுத்துவிட்டாள். அவள் எழுதியது அவளுடைய அம்மாவைப் பற்றி. என் அக்கா ஹீராமாயா, குன்றின் அடியில் மிச்சமிருக்கும் வயலில் கடுகுக் கீரையும் முள்ளங்கியும் போட்டுக் காலையில் தெருவோரம் விற்கிறாள். கீரைக்கு ஓயாமல் தண்ணீர் தெளிப்பாள். லுனிவா கேட்டாளாம்: "வாடாம இருக்கவா, எடை கூடவா?" அக்கா சொன்னாளாம்: "ரெண்டுக்கும்தான்." இதைத்தான் எழுதி அனுப்பினாள். தாயைச் சந்தேகப்பட்டு எழுதியவளை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் பயந்தேன்.

ஜனவரியில் அந்தக் கல்லூரியில் மாணவர் சேர்க்கையைப் பார்க்கும் பெண்மணியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டுரை மிகவும் பிடித்திருந்தது, உன்னோடு பேச வேண்டும், வசதியான நேரத்தைச் சொல் என்று. லுனிவா படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பதில் போடலயா?"

"இவ்வளவு புகழ்றாங்கன்னா எதையோ விக்கறாங்க."

இரண்டாவதும் வந்தது. அதற்கும் பதில் இல்லை. அனுப்பியவரின் முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பதே அவளுக்கு உறுத்தியது. பிறகு அங்கே படிக்கும் தன்குட்டா ஊர்ப் பையன் ஒருவன், பிபேக் லிம்பு, நேபாளியில் எழுதினான். உதவி வேண்டுமா தங்கச்சி என்று கேட்டிருந்தான். "பாத்தீங்களா, நம்ம ஆளையே விட்டு வலை போடறாங்க" என்றாள். அவனிடம் தன்குட்டா பஸ் நிற்கும் இடம், அவன் படித்த பள்ளியின் சுவர் நிறம் என்று விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் வந்தது. அந்தப் பொறுமை சந்தேகத்தை இன்னும் கூட்டியது. சாப்பாட்டு நேரங்களில் அக்கா என்னைப் பார்ப்பாள், நான் அக்காவைப் பார்ப்பேன். கை நழுவிப் போய்க்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. சொன்னால் எங்களையும் சந்தேகப்படுவாள்.

கடைசியில் அவன் ஒரு குரல் பதிவு அனுப்பினான். அவள் அதைச் சமையலறையில் எங்கள் முன்னால் போட்டாள்.

"ஏ தங்கச்சி, உனக்கு மண்டையில மூளை இருக்கா இல்லையா? அந்தம்மா உனக்காக ரெண்டு வாரமா மத்தவங்ககிட்ட கெஞ்சிட்டு இருக்காங்க. வர்றதுன்னா வா, இல்லன்னா வரலன்னு சொல்லித் தொலை. வேற எவளாவது பொழைச்சிப் போவா. எனக்கு நாளைக்குப் பரீட்சை, உன் ஸ்கூல் சுவர் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல நேரமில்ல."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. லுனிவா மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டாள். அவளுடைய தோள் மெல்லத் தளர்வதைப் பார்த்தேன்.

"திட்டறாரு சித்தி. ஏமாத்தறவன் திட்ட மாட்டான்."

அன்றைக்கே பதில் போட்டாள். அந்தம்மாவோடு வீடியோவில் பேசும் மாலையில் அக்கா கதவுக்கு வெளியே உட்கார்ந்து முள்ளங்கி கழுவினாள். தண்ணீர்ச் சத்தம் கேட்காமல் கழுவினாள். நான் அறையின் மூலையில் இருந்தேன். அந்தம்மா கேட்டதைவிட லுனிவா கேட்டதுதான் அதிகம். ஒரு மாணவியைச் சேர்த்தால் உங்களுக்குத் தனியாக ஏதாவது கிடைக்குமா என்றுகூடக் கேட்டாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே இல்லை என்றார். படித்து முடித்தால் வேலை நிச்சயமா என்று கேட்டதும் சிரிப்பை நிறுத்தி, சற்று யோசித்து, எனக்குத் தெரியாது என்றார்.

லுனிவா வெளியே வந்தபோது அவள் முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒரு பயம் இருந்தது. "தெரியாதுன்னாங்க. புதலி சடக்ல ஒருத்தன்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்ல." மேலேறிய புருவம் அப்படியே நிற்க, கண் மட்டும் நிறைந்தது. "சித்தி, எனக்கு அங்க போகணும்."

ஏப்ரலில், நேபாளப் புத்தாண்டுக்கு முன்பு, இடம் கிடைத்தது. முழு உதவித்தொகை. விசா கையில் வரும்வரை தெருவில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று எங்கள் இருவரையும் கட்டிப்போட்டாள். விசாவும் வந்தது. நீ திரும்பி வருவாய் என்று நான் எப்படி நம்புவது என்று விசா அதிகாரி கேட்டாராம். "சரியான கேள்விதான்" என்று வீட்டில் வந்து மெச்சிக்கொண்டாள். அவருக்கு என்ன பதில் சொன்னாய் என்று நாங்கள் கேட்டதற்கு, படிவத்தில் இருந்ததைச் சொன்னேன் என்றாள்.

மறுநாள் காலை அக்கா விற்றுவிட்டு வந்து கூடையை இறக்கினாள். லுனிவா கதவில் சாய்ந்து நின்றாள். அக்கா தண்ணீர் குடித்தாள், முகத்தைத் துடைத்தாள், பிறகு கூடையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவருக்குச் சொன்னத விடு. எனக்குச் சொல்லு. திரும்பி வருவியா?"

லுனிவா கதவின் தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என் தலையில கை வச்சுச் சொல்லு."

லுனிவா அருகே வந்து கையை உயர்த்தினாள். கை தலைக்குச் சற்று மேலே நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் கை மெதுவாகத் தாழ்ந்து, அக்காவின் முடியில் ஒட்டியிருந்த கடுகுப் பூக்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியது.