டில்லிபாபுவின் தொப்பை

போன ஞாயிற்றுக்கிழமை காலை திருவொற்றியூரில் ஒரு பேனருக்கு முன்னால் நின்று நன்றாகத் திட்டு வாங்கினேன். பத்தி எழுதுகிறவன், தலை நரைத்தவன் என்ற மரியாதையெல்லாம் கிடையாது. தெருவே வேடிக்கை பார்த்தது.

திட்டியது கஸ்தூரி. என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த டில்லிபாபுவின் மனைவி. டில்லி ராணுவத்தில் நர்ஸிங் அசிஸ்டென்ட். போன வருடம், மலை உச்சி முகாமில் காய்ச்சலில் கிடந்த ஒரு சிப்பாயைக் கீழே கொண்டுவரப் போனான். வழியில் பனிச்சரிவு. சிப்பாய் பிழைத்துக்கொண்டான். இவன் வரவில்லை.

அன்றைக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். தெரு இளைஞர் மன்றம் பேனர் வைத்திருந்தது. வாசகம் அடியேன் உபயம் – ‘எல்லையைக் காத்த சிங்கமே!’ படத்தில் தலை மட்டும் டில்லியுடையது. கழுத்துக்குக் கீழே ஜிம்முக்குப் போகிற எவனோ ஒருவனின் உடம்பு. கையில் மெஷின் கன். பின்னால் ஒரு டாங்க், இரண்டு போர் விமானம்... எதற்கென்றே தெரியாமல் ஒரு புலி.

“இன்னா ண்ணா இது? யாரு ஒடம்பு இது? எங்க வூட்டுக்காரரு தொப்ப எங்க?”

மன்றத் தலைவர் பாஸ்கர் சமாதானம் சொல்லப் பார்த்தார். “அக்கா, மிலிட்டரின்னா கையில கன்னு இருந்தாதான் கெத்து. பிபி மெஷின வெச்சா எவன் பாப்பான்?”

“அவரு லீவுல வந்தா நீங்கல்லாம் அத்ததானே பாத்துகினு கெடந்தீங்க?”

மறுக்க முடியுமா? டில்லி ஊருக்கு வந்து இறங்கினால் மறுநாள் காலையே வீட்டு வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டாக வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், கன்டெய்னர் லாரி டிரைவர், மீன் விற்றுவிட்டு வருகிற அக்காக்கள் – எல்லாரும் பிபி பார்க்கக் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். காசு வாங்க மாட்டான். பதிலுக்குத் திட்டுவான். “நான் லீவுல இருக்கசொல்ல மட்டும் எவனும் செத்துத் தொலைக்காதீங்கடா. கஸ்தூரிய இட்டுகினு ஒரு சினிமாக்குப் போவணும்.” அந்த சினிமாவுக்குக் கஸ்தூரி கடைசிவரை போகவில்லை என்பது வேறு விஷயம்.

என் ரத்தக் கொதிப்பைக் கண்டுபிடித்ததும் அவன்தான். அதிலிருந்து வாராவாரம் மலையிலிருந்து போன் வரும். நலமா, சௌக்கியமா எதுவும் கிடையாது. “மாத்திர போட்டியா?”

“போட்டேன்டா.”

பொய். வாராவாரம் பொய். அவன் பேசிய கடைசி போனிலும் அதே பொய்.

நமக்கு ஒரு பழக்கம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? நல்ல மனுஷன் ஒருத்தன் செத்தால் உடனே அவனைச் சிங்கமாக்கிவிடுவோம். அதில் ஒரு வசதி இருக்கிறது. சிங்கத்தைக் கும்பிட்டால் போதும்... சொன்னதைக் கேட்க வேண்டியதில்லை.

சாயங்காலம் நினைவுக் கூட்டம். கஸ்தூரி மேடைப் படிக்கட்டுக்குக் கீழே அதே பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மடியில் டில்லியின் பிபி மெஷின்.

“பேச வர்றவங்க மொதல்ல கைய நீட்டுங்க.”

பாஸ்கர் சிரித்துக்கொண்டே நீட்டினார். நூற்று எழுபது. “நீ பேச வோணாம். போயி ஒக்காரு. நாளைக்கு ஆஸ்பத்திரி.” நான்கு பக்க வீரவணக்க உரையைப் பாக்கெட்டில் மடித்து வைத்துக்கொண்டு பாஸ்கர் போய் உட்கார்ந்தார். அடுத்த இரண்டு பேச்சாளர்கள் டீ குடிக்கப் போகிறேன் என்று போனவர்கள்தான், திரும்பவே இல்லை.

என் முறை. நூற்று அறுபத்தைந்து.

“மாத்திர போட்டியா ண்ணா?”

வாய் பழக்கதோஷத்தில், “போட்டேன்மா” என்றது.

கஸ்தூரி என் கையில் சுற்றியிருந்த பட்டையைப் பிரித்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். “உங்கிட்ட பேசி முடிச்சதும் எனக்குத்தான் போன் பண்ணுவாரு. ‘அவன் பொய் சொல்றான், நீ போயி பாரு’ன்னுவாரு. கடைசியா பேசினதும் இத்தத்தான் சொன்னாரு ண்ணா. நான்தான் வரல.”

அவ்வளவு பேருக்கு முன்னால் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காக நிறுத்த முடியவில்லை.

இரண்டு நாளில் பேனர் மாறிவிட்டது. டாங்க் போச்சு, புலி போச்சு. டில்லி தன் சொந்தத் தொப்பையோடு, கையில் பிபி மெஷினோடு நிற்கிறான். என் வாசகமும் காலி. கஸ்தூரி சொன்ன இரண்டே வார்த்தைதான் இருக்கிறது: ‘மாத்திர போட்டியா?’

போட்டுட்டேன் டில்லி. இந்தத் தடவை சத்தியமா.